முதலில் போய் விழுகிறவன்: பாராமகால் முதல் போக்கிமான் வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். ஓசூர் சிப்காட்டில் வேலை, மகன் எட்டாம் வகுப்பு. "சார், பையன் போக்கிமான் என்று ஒரு சண்டை கேம் ஆடுகிறான். ஒரு நோட்டுப் போட்டு ஆறு ஆறு பேராக எழுதி வைத்திருக்கிறான். கேட்டால் அட்டாக் டீம் கட்டுகிறேன் என்கிறான். இது பிள்ளையை முரடனாக்கிவிடாதா?" என்று கேட்டார். இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். எதைக் கேட்டாலும் "இது எங்கே தொடங்கியது?" என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதான் என் பழக்கம். வீட்டிலேயே இந்த விளையாட்டில் தேறிய பேரன் ஒருவன் இருக்கிறான். அவனை உட்கார வைத்துக் கேட்டேன், படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்களில் பல பேருக்கு இருக்கும்.

முதலில் விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஜப்பானில் டோக்கியோவை ஒட்டி மச்சிதா என்று ஒரு ஊர். 1965-இல் பிறந்த சதோஷி தஜிரி என்பவர் அங்கே வளர்ந்தார். சின்ன வயதில் வயலிலும் குளத்தங்கரையிலும் பூச்சி பிடிப்பதே அவருக்கு வேலை. அவர் வளர வளர வயல் போனது, குளம் போனது, கட்டடமும் ரோடும் வந்தன. பூச்சிகளும் போய்விட்டன. நம் பக்கம் 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் எப்படி மாறியது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, கொடுக்காப்புளித் தழை வைத்து, முட்டை போட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தோமே, அதே ஆசைதான் அவருக்கும். நகரத்துப் பிள்ளைக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்.

நின்டெண்டோ கம்பெனி கையில் வைத்து ஆடும் கேம்பாய் என்ற கருவியை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு கருவிகளை ஒரு ஒயரால் இணைக்கலாம். அந்த ஒயரைப் பார்த்ததும் தஜிரிக்கு ஒரு பூச்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவது போலத் தோன்றியதாம். அங்கே பிறந்ததுதான் போக்கிமான். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது. பிடிக்கலாம், வளர்க்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், மோதவும் விடலாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது முதலில் கார்ட்டூனாக டிவியில் வந்தது. 2016 டிசம்பரில் போக்கிமான் கோ இந்தியாவுக்கு வந்தபோது செல்போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் அலைந்த என் பழைய மாணவர்கள் யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

மோதல் எப்படி நடக்கிறது? ஒவ்வொருவருக்கும் ஆறு பிராணிகள். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் ஒரு நேரத்தில் களத்தில் ஒன்றுதான் நிற்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவு செய்ய வேண்டும்: அடிப்பதா, தற்காப்பதா, அல்லது களத்தில் நிற்பதை வெளியே எடுத்து வேறொன்றை இறக்குவதா? வேகம் அதிகமுள்ளது முதலில் அடிக்கும். தண்ணீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் தண்ணீரை வெல்லும். இப்படி இன்றைக்கு 18 வகைகள் இருக்கின்றன. ஏற்ற வகை அடி விழுந்தால் சேதம் இரண்டு மடங்கு. ஆறும் சாய்ந்தால் தோல்வி.

சீட்டாட்டம் போல அதிர்ஷ்டமும் உண்டு, சதுரங்கம் போலக் கணக்கும் உண்டு. ஆனால் சதுரங்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே படை. இங்கே படையைக் கட்டுவதே பாதி விளையாட்டு. அந்த நோட்டுப் புத்தகம் அதற்குத்தான்.

படை கட்டுவதில் உலகம் முழுக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, கோட்டை கட்டி உட்காருவது. எதிரி அடித்து அடித்துக் களைத்துப் போகட்டும் என்று காத்திருப்பது. மற்றொன்று, எதிரி மூச்சு விடுவதற்குள் பாய்வது. இந்த இரண்டும் மோதிய மண்ணில்தான் நாம் குடியிருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தியது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, திருப்பத்தூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பக்கத்துக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு. கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போகும்போது தலைக்கு மேலே நிற்கிறதே அந்த மலை, அதன் உச்சியில் இருப்பது அந்தக் கோட்டைகளில் முக்கியமான ஒன்று. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி இரவில் அதைத் தாக்கினார். கீழே இருந்த பேட்டையைப் பிடித்தார்கள், கீழ்க்கோட்டையிலும் நுழைந்தார்கள். மேல்கோட்டைக்கு ஏணி வைக்கப் போனபோது உள்ளே இருந்த திப்புவின் வீரர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணியும் போனது, ஆளும் போனார்கள். மேக்ஸ்வெல் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

ஆனால் அதே கோட்டை அதற்கு முன் 1768 மே மாதத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்திருக்கிறது. அப்போது அதைச் சாய்த்தது அடி இல்லை, முற்றுகை. சுற்றி வளைத்து, வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் செய்தால் எந்தக் கோட்டையும் ஒரு நாள் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். கோட்டைக்கு முன்னால் வெறும் கை பலம் பயன்படாது. கோட்டையின் கணக்கைக் கெடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கு வருகிறேன்.

1996-இல் வந்த முதல் ஆட்டத்தில் 15 வகைகள்தான். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆட்டத்தில் பிராணிகள் கையில் ஒரு பொருளை வைத்திருக்கலாம் என்று விதி வந்தது. அதில் லெஃப்ட்ஓவர்ஸ் என்று ஒன்று, அதாவது மிச்சச் சாப்பாடு. அதை வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மொத்த உயிர் அளவில் பதினாறில் ஒரு பங்கு திரும்ப வரும். அதே ஆண்டில் ஸ்கார்மரி என்ற இரும்புப் பறவையும் பிளிஸ்ஸி என்ற குண்டுப் பிராணியும் வந்தன. உடலால் அடிக்கும் அடியை ஸ்கார்மரி தாங்கும். நெருப்பு, மின்சாரம் போன்ற விசேஷ அடியைப் பிளிஸ்ஸி தாங்கும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் உங்களுக்கு ஒரு கிருஷ்ணகிரி மலை கிடைத்தது என்று பொருள். எதிரி எதைக் கொண்டு அடித்தாலும் ஒன்று உள்ளே போகும், மற்றொன்று வெளியே வரும். பாதி உயிரைத் திரும்பப் பெறும் வித்தையும் கையில் உண்டு. ஒரு ஆட்டம் நூறு முறைக்கு மேலும் இழுத்துக்கொண்டு போகும்.

2002-இல் மூன்றாம் தலைமுறை வந்தது. சாய்ஸ் பேண்ட் என்ற பட்டை வந்தது. கட்டிக்கொண்டால் அடியின் பலம் ஒன்றரை மடங்கு. ஆனால் முதலில் எந்த அடியைத் தேர்ந்தெடுத்தோமோ, வெளியே போய் வரும்வரை அதே அடிதான். டிராகன் டான்ஸ் என்ற ஆட்டமும் வந்தது. ஒரு முறை அடிக்காமல் ஆடினால் பலமும் வேகமும் சேர்ந்தே கூடும். பாய்கிறவர்கள் பக்கம் ஆயுதம் சேரத் தொடங்கியது.

2006-இல் வந்த நான்காம் தலைமுறைதான் பெரிய திருப்பம். அதுவரை ஒரு அடி உடல் அடியா, விசேஷ அடியா என்பது அதன் வகையைப் பொறுத்து இருந்தது. இனி ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக என்று மாற்றினார்கள். பல பிராணிகளுக்கு அப்போதுதான் தன் பலத்துக்கேற்ற ஆயுதம் கிடைத்தது. லைஃப் ஆர்ப் என்ற உருண்டை வந்தது. அடி முப்பது சதவீதம் கூடும், ஆனால் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தன் உயிரில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். ஃபோகஸ் சேஷ் என்ற கச்சை வந்தது. முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரே ஒரு புள்ளி உயிரோடு நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டெல்த் ராக் வந்தது.

ஸ்டெல்த் ராக் என்றால் எதிரியின் பக்கம் கூர்ப்பாறைகளைப் பரப்பி வைப்பது. பரப்பி வைத்த பிறகு எதிரி எதை உள்ளே இறக்கினாலும் நுழையும்போதே அடிபடும். சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு. பாறை வகைக்குப் பலவீனமானதாக இருந்தால் கால் பங்கு. இரண்டு வகையாலும் பலவீனமான சாரிசார்ட் போன்றவற்றுக்குப் பாதி உயிரே போய்விடும். கிருஷ்ணகிரி மலைக்காரர்கள் 1791-லேயே போட்டுவிட்ட ஆயுதம்தானே இது என்று பேரனிடம் சொன்னேன். சிரித்தான். அப்புறம் ஒரு திருத்தம் சொன்னான்: "தாத்தா, இது கோட்டைக்காரன் போடுவதை விட, பாய்கிறவன் போட்டால்தான் அதிக லாபம்."

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். உங்கள் அடி எதிரியின் உயிரில் 90 சதவீதத்தை எடுக்கிறது என்று வையுங்கள். எதிரி மிச்சம் 10-இல் நிற்பான். அடுத்த முறை பாதி உயிரை மீட்டுக்கொள்வான். உங்கள் உழைப்பு வீண். ஆனால் அவன் உள்ளே வரும்போதே பாறை குத்தி 12.5 போயிருந்தால்? மிச்சம் 87.5. உங்கள் 90 அவனைச் சாய்த்துவிடும். அடி அதே அடிதான். களம் மட்டும்தான் மாறியது. கோட்டைக்காரன் பிழைப்பதே ஒன்றை எடுத்து ஒன்றை இறக்குவதில். ஒவ்வொரு இறக்கத்துக்கும் சுங்கம் வைத்தால் அவன் கணக்கு கெட்டுவிடுகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது 1767 ஆகஸ்ட்.

ஜோசப் ஸ்மித் என்ற கம்பெனித் தளபதி இந்தப் பக்கம் வந்து காவேரிப்பட்டினத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரியை வளைத்து நின்றார். ஹைதர் அலி மலையிறங்கி வந்தார். வந்தவுடன் ஸ்மித்தின் சிப்பாய்கள் மேல் பாயவில்லை. ஆகஸ்ட் 25 அன்று அவருடைய குதிரைப்படை செய்த முதல் வேலை, மேய்ந்துகொண்டிருந்த கம்பெனியின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. மாடு இல்லாமல் பீரங்கி நகராது, அரிசி மூட்டை நகராது. ஸ்மித்தின் படை முடங்கிப்போனது. இரண்டொரு நாளில் காவேரிப்பட்டினம் ஹைதர் கைக்குத் திரும்பியது. அதன் பிறகு ஸ்மித் தென்கிழக்கே பின்வாங்கினார். இன்றைக்கு நம் மத்தூர் வழியாக ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று திருவண்ணாமலைக்குப் பஸ் போகிறதே, அந்தத் திசைதான். செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஹைதர் மறித்துத் தாக்கினார்.

கதை அங்கே ஹைதருக்கு வெற்றியாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்மித் செங்கத்தில் சமாளித்துத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார், அவருக்குத் துணைப்படையும் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 26 அன்று திருவண்ணாமலையில் நடந்த சண்டையில் ஹைதர்தான் பின்வாங்கினார். பாய்கிறவனுக்கு இருக்கும் ஆபத்து இதுதான். எதிரி முடங்கியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். அந்த நேரம் கழிந்துவிட்டால் நின்று தாங்குகிறவன் கை ஓங்கிவிடும். போக்கிமானிலும் அப்படியே. அட்டாக் டீமில் மருந்து கிடையாது, சுவர் கிடையாது. திட்டம் பிசகினால் ஐந்தாறு முறையில் எல்லாம் முடிந்துபோகும்.

அப்படியானால் அந்த டீமை எப்படிக் கட்டுகிறார்கள்? ஹைப்பர் அஃபென்ஸ் என்று அதற்குப் பெயர். ஆறு முரட்டுப் பிராணிகளை எடுத்து அடுக்குவது என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். அப்படி அடுக்குகிறவன் புதுசாக வந்தவன், சீக்கிரம் தோற்பான் என்கிறான் பேரன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை உண்டு.

முதலில் இறங்குகிறவன் களம் அமைப்பவன். இடுப்பில் ஃபோகஸ் சேஷ் கட்டியிருப்பான். வந்ததும் ஸ்டெல்த் ராக் போடுவான். எதிரி அடிப்பான், ஒரு புள்ளி உயிரோடு நிற்பான், முடிந்தால் இன்னொரு வேலை செய்வான், விழுவான். இரண்டு மூன்று முறைதான் அவன் ஆயுள். அவன் யாரையும் வீழ்த்த வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் திரை போடுகிறவன். உடல் அடியைப் பாதியாக்க ஒரு திரை, விசேஷ அடியைப் பாதியாக்க ஒரு திரை. சாதாரணமாக ஐந்து முறை நிற்கும். லைட் க்ளே என்ற மண்ணைக் கையில் வைத்திருந்தால் எட்டு முறை நிற்கும். இரண்டையும் போட இரண்டு முறை போய்விடுவதால் மிச்சத்தை எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். அவனும் பெரும்பாலும் போட்டுவிட்டு விழுந்துவிடுவான்.

மூன்றாவது ஆள் சுவரை உடைக்கிறவன். லைஃப் ஆர்ப் அல்லது சாய்ஸ் பேண்டோடு வந்து கோட்டையில் ஓட்டை போடுவான். நான்காவதும் ஐந்தாவதும் பலம் ஏற்றிக்கொள்கிறவர்கள். திரையின் மறைவில் ஒரு முறை டிராகன் டான்ஸ் ஆடிவிட்டுப் பாய்வார்கள். ஆறாவது ஆள், குறைந்த உயிரோடு மிச்சமிருக்கும் எதிரிகளைக் கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவன். வேகம்தான் அவன் தகுதி.

இந்த நான்காவது, ஐந்தாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே எதிரி தடுக்க முடிகிற மாதிரி எடுப்பார்கள். கேட்பதற்குத் தப்பு போலத் தோன்றும். ஆனால் முதல் ஆள் அந்தத் தடுப்பவனைப் பாதி சாய்த்துவிட்டு விழுந்தால், இரண்டாவது ஆளுக்கு வழி திறந்துவிடும். நான்காம் தலைமுறையில் இதற்கு ஒரு பேர்போன உதாரணம் உண்டு. டிராகன் வகை அடியை அப்போது இரும்பு வகை ஒன்றுதான் தாங்கும். மேக்னிசோன் என்ற காந்தப் பிராணி எதிரியின் இரும்பு வகையை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே மேக்னிசோனை வைத்து ஸ்கார்மரியை முடித்துவிட்டு, சலமென்ஸ், டிராகோனைட் என்று டிராகன்களை வரிசையாக இறக்குவார்கள். எல்லோரும் கைதட்டுவது டிராகனுக்கு. வழி திறந்தது காந்தம்.

நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இது வெறி பிடித்த தாக்குதல். உள்ளே போய்ப் பார்த்தால் இது யார் எதற்காக விழுவது என்ற கணக்கு. ஆறு பேரில் இரண்டு பேர் தனக்கு ஒரு வெற்றியும் வராது என்று தெரிந்தே போகிறார்கள். கோபக்காரனால் இந்த டீமை நடத்த முடியாது. விழுந்தவனுக்குப் பழிவாங்கப் போகிறவன் அடுத்த முறையே தோற்பான்.

ஹைதர் திருவண்ணாமலையில் பின்வாங்கிய பிறகு இதைத்தான் இன்னும் கூர்மையாகச் செய்தார். 1769 மார்ச்சில் கம்பெனிப் படையைச் சென்னையிலிருந்து தள்ளித் தெற்கே இழுத்துக்கொண்டு போனார். பிறகு தன் காலாட்படையில் பெரும்பகுதியையும் பீரங்கிகளையும் மலை வழியாக ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏறத்தாழ 6,000 குதிரைகளோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னை வாசலில் போய் நின்றார். கோட்டையைத் தகர்க்கும் பீரங்கி அவரிடம் இல்லை. தேவையும் இல்லை. கம்பெனியின் படை பின்னால் எங்கோ இருக்கிறது, எதிரி வாசலில் இருக்கிறான் என்பதே போதும். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. கனமானதை விட்டுவிடத் துணிந்ததுதான் அவருக்கு வேகத்தைக் கொடுத்தது. பிள்ளைகள் மருந்தையும் சுவரையும் விட்டுவிட்டு டீம் கட்டுவதும் இதே கணக்குத்தான்.

விளையாட்டின் வரலாற்றிலிருந்து இன்னொரு சம்பவம். 2009 முதல் போக்கிமானுக்கு உலகப் போட்டி நடக்கிறது. அதில் ஒரே நேரத்தில் இரண்டு இரண்டு பேர் களத்தில் நிற்பார்கள். ஆறு பேரைக் கொண்டு வந்து, அதில் நான்கு பேரை எடுத்து ஆட வேண்டும். 2014-இல் வாஷிங்டனில் நடந்த போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க் ஜெயித்தார். அவர் டீமில் காரடோஸ், கார்சோம்ப் என்று பெரிய பெரிய பிராணிகள் இருந்தன. கூடவே பச்சிரிசு என்று ஒரு அணில். நம் வீட்டுக் கூரையில் ஓடுமே, அந்த அளவுக்குச் சின்னது. போட்டிக்கு யாரும் எடுத்துக்கொண்டு வராத பிராணி. அதற்கு ஃபாலோ மீ என்று ஒரு வித்தை தெரியும். எதிரி இரண்டு பேரும் தரும் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அது அடி வாங்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பெரிய பிராணி நிம்மதியாகத் தன் வேலையைச் செய்யும். சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை நாம் இன்றும் பேசுவது போல, உலகம் முழுக்க அந்த விளையாட்டுக்காரர்கள் இந்த அணிலைப் பேசுகிறார்கள். பெரியவர்கள் பாய்வதற்குச் சின்னவன் ஒருவன் நின்றாக வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்த நாள் அது.

பாய்கிறவர்கள் கையே எப்போதும் ஓங்கியிருக்கவில்லை. 2013-இல் பரப்பிய பாறைகளை ஒரே வீச்சில் துடைத்தெறியும் வழி பலமானது. 2019-இல் ஹெவி-டியூட்டி பூட்ஸ் என்று ஒரு செருப்பு வந்தது. போட்டுக்கொண்டால் பாறை குத்தாது. கோட்டைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2022-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் பாதி உயிரை மீட்கும் முக்கிய வித்தைகளின் தடவையைக் குறைத்துவிட்டார்கள். முன்பு அடிப்படையாகப் பத்து தடவை என்றிருந்தது ஐந்தாயிற்று. மறுபடி பாய்கிறவர்களுக்குக் காற்று திரும்பியது. சுவர் உயர்ந்தால் ஏணி நீளும், ஏணி நீண்டால் சுவர் உயரும். நான் உங்களுக்குப் பாடத்தில் சொன்னதுதான். இங்கே இருபத்தைந்து வருஷத்துக்குள் கண் முன்னால் நடந்து முடிந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு வரலாற்று ஆசிரியனாக ஒரு கோடும் போட வேண்டும். விளையாட்டில் முதலில் போய் விழுந்த பிராணி அடுத்த ஆட்டத்தில் முழு உயிரோடு எழுந்து நிற்கும். பாராமகாலில் விழுந்தவர்கள் எழவில்லை. 1767-இல் ஓட்டிக்கொண்டு போன மாடுகளும், இரண்டு படைகளும் தின்று தீர்த்த தானியமும் யாரோ ஒரு குடியானவன் வீட்டிலிருந்து வந்தவை. 1780-இல் ஹைதர் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது, கம்பெனிப் படைக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்துக்கொண்டே போனார். களம் அமைப்பது என்று விளையாட்டில் சொல்வதற்கு நிஜத்தில் அதுதான் பெயர். 1792 உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. இந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஹைதர், திப்பு, ஸ்மித், மேக்ஸ்வெல் என்று பெயர்களை நாம் படிக்கிறோம். அன்றைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறிய சிப்பாய் யார்? பாறையை உருட்டியவன் யார்? இரண்டு பக்கமும் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகள்தான். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதனால் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இந்த விளையாட்டால் முரடனாகிறானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பது உங்கள் வீட்டு முடிவு. தூக்கத்தையும் படிப்பையும் தின்றால் போனை வாங்கி வையுங்கள், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வாங்கி வைப்பதற்கு முன்னால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் யாரை அனுப்புகிறாய், ஏன்? அவன் விழுந்த பிறகு யாருக்கு லாபம்? திட்டம் பிசகினால் என்ன செய்வாய்?

"எல்லாரையும் அடித்துத் தூக்கிவிடுவேன்" என்று மட்டும் சொன்னால் அவன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு நின்று யோசித்துப் பதில் சொன்னால், அவன் வேலை பிரித்துக் கொடுப்பதையும், தனக்குக் கிடைக்காத வெற்றிக்கு உழைப்பது என்றால் என்ன என்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரே லைனில் நின்று வேலை பார்க்கும் உங்களுக்கு அதன் அருமை தெரியும். கடைசியில் வண்டியை ஓட்டிக் காட்டுகிறவனுக்குத்தான் போட்டோ எடுக்கிறார்கள். முதல் ஸ்டேஷனில் போல்ட் போட்டவனை யார் எடுக்கிறார்கள்?

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கிருஷ்ணகிரி மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று காவேரிப்பட்டினம் எந்தப் பக்கம், மத்தூர் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். ஸ்டெல்த் ராக் போட்ட இடம் இதுதான் என்று சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்கள். கேட்டதும் அந்தப் பெயர் தெரியாத ஏணிக்காரனைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் கீழே எழுதுங்கள். முக்கியமாகப் போக்கிமான் விஷயத்தில் உங்கள் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். அந்தப் பாடத்தில் அவர்கள்தான் வாத்தியார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வரலாற்று வாத்தியார்,
மத்தூர்